பூச்சிமருந்து டெஸ்ட் கார்டு: நீலம் வந்துச்சு, முட்டை வரல

மொதல்லயே சொல்லிடறேன், கார்டு டுபாக்கூர்னு திட்றதுக்காக இத எழுதல, பெட்டி மேல என்ன போட்டிருக்கோ அத அது செய்யுது, ஆனா மீன் வளக்கற ஆளு, அதுலயும் முட்டை எடுத்து குஞ்சு பொரிக்கற ஆளு இத நம்பி வாங்கினா என்ன ஆகும்ங்கறது தனி கதை. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

என்கிட்ட ஜீப்ரா மீன் ஒரு நாலு வருஷமா இருக்கு. சாயங்காலம் ஆணையும் பெண்ணையும் நடுவுல தடுப்பு வெச்சு விட்டுட்டு காலைல லைட்ட போட்டு தடுப்ப எடுத்தா அரை மணி நேரத்துல துரத்த ஆரம்பிச்சிடும், அடியில வலை போட்டு வெச்சிருப்பேன், முட்டை அது வழியா கீழ விழுந்துடும், இல்லேன்னா போட்டதுங்களே தின்னுடும். ஒரு ஜோடி நூத்தம்பது வரைக்கும் சாதாரணமா போடும். நோட்டுல தேதி போட்டு எண்ணி எழுதற பழக்கம் உண்டு, வீட்ல இத பாத்து சிரிப்பாங்க, ஆனா இந்த ரிவ்யூவே அந்த நோட்டால தான் எழுத முடியுது.

பிரச்சனை எப்படி ஆரம்பிச்சுதுன்னா, குழாய் தண்ணி பத்தாம போனப்போ வாய்க்கால்ல இருந்து தண்ணி எடுத்து பெரிய தொட்டில தெளிய வெச்சு ஃபில்டர் பண்ணி ஊத்த ஆரம்பிச்சேன். வாய்க்கால் ரெண்டு பக்கமும் மக்காச்சோள வயல். மீனுக்கு ஒன்னும் ஆகல, நல்லா தின்னுச்சு, கலர் நல்லா இருந்துச்சு, ஒன்னு கூட சாகல. ஆனா ஒரு மாசம் கழிச்சு நோட்ட திருப்பி பாத்தா, வாரத்துக்கு ரெண்டு தடவ முட்டை போட்டுட்டு இருந்த ஜோடி பத்து நாளைக்கு ஒரு தடவ தான் போட்டிருக்கு, போட்டாலும் அறுபது எழுபது. வயசாயிடுச்சோன்னு நினைச்சு இளசா இன்னொரு ஜோடிய விட்டேன், அதுவும் இதே கதை.

கையில இருந்த சொட்டு கிட்ல, அதான் தண்ணில மருந்து சொட்டு விட்டு கலர பாக்கற கிட், எல்லாம் பாத்தேன். அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 10, பிஹெச் காலைல 7.4. இந்த சொட்டு கிட்ட பத்தியும் நாலு வரி சொல்லிடறேன், ஏன்னா நிறைய பேரு இத சரியா படிக்கறதில்ல. அம்மோனியா சொட்டு காட்டறது மொத்த அம்மோனியா, அதுல மீனுக்கு விஷமான பங்கு எவ்ளோங்கறது பிஹெச்சையும் சூட்டையும் பொறுத்தது, 25 டிகிரில பிஹெச் 7னா 100ல 1 கூட கிடையாது, 8னா 5 சொச்சம், 9னா 36 வரைக்கும் போயிடும். அதாவது ஒரே பச்சை கலர், ஒரு தொட்டில சும்மா, இன்னொரு தொட்டில சாவு. பாசி புடிச்ச தொட்டில மத்தியானத்துல பிஹெச் சர்ருனு ஏறும், அதனால காலைல மட்டும் பாத்துட்டு நிம்மதியா இருக்காதீங்க. நான் மத்தியானமும் பாத்தேன், 7.8 தான். அப்புறம் நைட்ரேட் ரெண்டாவது பாட்டில நல்லா குலுக்கணும், அரை நிமிஷம் குலுக்காம ஊத்திட்டு நைட்ரேட்டே இல்லன்னு சந்தோஷப்பட்டவன் நானே ஒரு காலத்துல.

சரி, சொட்டு கிட் சுத்தம்னு சொல்லிடுச்சு, அப்போ வயல்ல அடிக்கற மருந்து தான்னு சந்தேகம் வந்து தேடினப்போ கிடைச்சது தான் இந்த கார்டு. "பதினஞ்சே நிமிஷத்துல பூச்சிமருந்து எச்சம் தெரியும்"னு படம் போட்டிருந்தாங்க, படத்துல ஒரு காய், ஒரு இலை, ஒரு தண்ணி சொட்டு. அந்த தண்ணி சொட்ட பாத்து தான் நான் ஏமாந்தேன்னு இப்ப தோணுது. 20 கார்டு பாக்கெட். பிராண்ட் பேரு சொல்லல, ஏன்னா இதே மாதிரி கார்டு பத்து பேர்ல கிடைக்குது, உள்ள இருக்கற சமாச்சாரம் ஒன்னு தான்.

பிரிச்சு பாத்தா ஒவ்வொரு கார்டும் தனித்தனி அலுமினிய உறையில இருக்கு, அது நல்ல விஷயம், ஈரம் பட்டா கெட்டுப் போகும். கார்டுல ரெண்டு வட்டப் பொட்டு, ஒன்னு வெள்ளை, ஒன்னு செவப்பு, நடுவுல மடிக்கறதுக்கு கோடு. கூட ஒரு சொட்டு குழாய், ஒரு பொடி பொட்டலம், எறும்பு சைஸ் எழுத்துல ஒரு தாள். வெள்ளைப் பொட்டு மேல ரெண்டு மூனு சொட்டு தண்ணி விட்டு 10 நிமிஷம் வெக்கணும், அப்புறம் மடிச்சு செவப்பு பொட்டு வெள்ளை மேல படற மாதிரி 3 நிமிஷம் விரலால அழுத்தி புடிக்கணும், தொறந்து பாக்கணும். வெள்ளைப் பொட்டு நீலமா மாறினா மருந்து இல்ல. வெள்ளையாவே இருந்தா மருந்து இருக்கு.

ஆமா, தப்பா படிக்கல, கலர் வந்தா நல்லது, வரலேன்னா கெட்டது. எல்லாருக்கும் இதுல மொதல்ல குழப்பம் வரும், எங்க வீட்ல ஒருத்தங்க நீலத்த பாத்துட்டு "அய்யோ விஷம்"னு தொட்டிய கவுக்கவே போயிட்டாங்க.

இது ஏன் இப்படின்னு புரிஞ்சிக்கிட்டா கார்டோட பலமும் புரியும், ஓட்டையும் புரியும். வெள்ளைப் பொட்டுல ஒரு நொதி காய வெச்சிருக்காங்க, கோலினெஸ்டரேஸ், நம்ம நரம்புலயும் மீன் நரம்புலயும் இருக்கற அதே குடும்பம், நரம்பு ஒரு தடவ சிக்னல் அனுப்பினதும் அந்த சிக்னல துடைச்சு விடறது இதோட வேலை. செவப்பு பொட்டுல இருக்கற ரசாயனத்த இந்த நொதி ஒடைச்சா நீலம் வரும். ஆர்கனோபாஸ்பேட் மருந்து, கார்பமேட் மருந்து, இந்த ரெண்டு குடும்பமும் பூச்சிய கொல்றதே இந்த நொதிய பூட்டிப் போட்டு தான். அதனால தண்ணில அது இருந்தா நொதி வேல செய்யாது, நீலம் வராது. ஐடியாவா பாத்தா அருமையான ஐடியா, இதுல எனக்கு எந்த குறையும் இல்ல.

மொத நாள் வாய்க்கால் தண்ணி, தொட்டி தண்ணி, குழாய் தண்ணி மூனையும் போட்டேன். மூனும் பளிச்சுனு நீலம். அப்பாடான்னு இருந்துச்சு. மூனு நாள் கழிச்சு, பக்கத்து வயல்ல மருந்தடிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சு விடியக்காலைல போய் தண்ணி எடுத்து போட்டேன், வெள்ளை! நெஞ்சு படபடன்னு ஆயிடுச்சு. ஆனா ஒரு சந்தேகத்துல காய்ச்சி வடிச்ச தண்ணிய ஒரு கார்டுல போட்டேன், அதுவும் வெளிறி போய் தான் இருந்துச்சு. அப்புறம் தான் அந்த எறும்பு எழுத்த பூதக்கண்ணாடி வெச்சு படிச்சேன், 37 டிகிரி சூடு வேணுமாம், குளிர்ல நொதி மந்தமா வேல செய்யும். அன்னிக்கு காலைல நல்ல குளிர். அடுத்த தடவ அந்த 10 நிமிஷமும் கார்ட ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில போட்டு சட்டைப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டேன், ரெண்டு கார்டும் நீலமாயிடுச்சு. ஆக வாங்கறவங்க எப்பவும் சுத்தமான தண்ணில ஒரு கார்டு கூடவே போடுங்க, 20 கார்டுன்னு நினைச்சு வாங்காதீங்க, 10 டெஸ்டுன்னு நினைச்சு வாங்குங்க.

இது வரைக்கும் சின்ன குறை தான். பெரிய குறை அந்த தாளோட பின் பக்கத்துல இருந்துச்சு.

பின் பக்கத்துல எந்த மருந்து எவ்ளோ இருந்தா கார்டு காட்டும்னு ஒரு பட்டியல். டைகுளோர்வாஸ் 0.3, கார்போபியூரான் 0.5, மாலத்தியான் 2, இப்படி. எல்லாம் மில்லிகிராம் கணக்கு, ஒரு கிலோவுக்கு. மனுஷன் தின்ற காய்ல இவ்ளோ மருந்து இருந்தா கழுவு, இல்ல தூக்கிப் போடுங்கற அளவு அது. மீன் முட்டை சமாச்சாரம் மில்லிகிராம்ல இல்ல, மைக்ரோகிராம்ல நடக்குது, அதாவது ஆயிரத்துல ஒரு பங்கு. மனசுல புடிச்சுக்க ஒரு கணக்கு சொல்றேன், லிட்டருக்கு 1 மைக்ரோகிராம்னா 10 லட்சம் லிட்டர் தண்ணில 1 கிராம் மருந்து.

இவ்ளோ கம்மி அளவு என்ன பண்ணிடும்னு தோணும். அட்லாண்டிக் சால்மன் ஆண் மீன வெச்சு மூரும் வேரிங்கும் 1996ல ஒரு ஆராய்ச்சி போட்டாங்க. முட்டை விடற நேரத்துல பெண் மீன் தண்ணில ஒரு வாசனைய விடும், அது மூக்குல பட்டா தான் ஆண் மீன் உடம்பு தயாராகும், ஹார்மோன் ஏறும், விந்துப் பால் கூடும். லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் டயசினான் இருந்த தண்ணில இருந்த ஆண் மீனுக்கு அந்த வாசனை சரியா எட்டல. சாகல, தின்னுச்சு, நீந்துச்சு, பெண் மீன் பக்கத்துலயே இருக்கு, ஆனா ஆணுக்கு சேதி போய் சேரல. டயசினான் இந்த கார்டு புடிக்க வேண்டிய ஆர்கனோபாஸ்பேட் குடும்பம் தான், ஆனாலும் அந்த அளவுல கார்டு பளிச்சுனு நீலம் காட்டும்.

இன்னொரு கூத்து என்னன்னா, மாலத்தியான், குளோர்பைரிபாஸ், டயசினான் மாதிரி மருந்துங்க டப்பாவுல இருக்கற வடிவத்துல நொதிய அவ்ளோ வேகமா பூட்டாது. உடம்புக்குள்ள போய் ஈரல்ல கந்தகத்த எடுத்துட்டு ஆக்சிஜன் ஏறி ஆக்சான்னு ஒரு வடிவமா மாறின அப்புறம் தான் முழு விஷம். கார்டுக்கு ஈரல் கிடையாதே. அதனால தான் பட்டியல்ல மாலத்தியானுக்கு 2ன்னு அவ்ளோ பெரிய நம்பர். மீனுக்கு ஈரல் இருக்கு, அது தானே மாத்திக்கிட்டு தானே மாட்டிக்கும்.

அப்புறம் கார்டு கண்ணுக்கே தெரியாத குடும்பங்க. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் மாதிரி பைரெத்ராய்டு மருந்து வேற வழியில நரம்ப தாக்குது, நொதிய தொடறதே இல்ல, கார்டுல நீலம் தான் வரும். மனுஷனுக்கு ஒப்பீட்டளவுல பரவால்லன்னு சொல்ற இந்த மருந்து மீனுக்கு பயங்கரம், லிட்டருக்கு ஒன்னு ரெண்டு மைக்ரோகிராம்லயே பல மீன் செத்துடும். நியோனிகோட்டினாய்டு கார்டுல காட்டாது. களைக்கொல்லி எதுவும் காட்டாது, பூஞ்சைக்கொல்லி எதுவும் காட்டாது. மக்காச்சோள வயல்ல அதிகமா அடிக்கறது என்ன? களைக்கொல்லி! பெட்டி மேல "பூச்சிமருந்து"ன்னு பொதுவா போட்டுட்டு உள்ள ரெண்டே குடும்பம் பாக்கறது எனக்கு கடுப்பான விஷயம், ஸ்டார் கொறைக்கறது இதுக்கு தான்.

குஞ்சு பொரிப்பகம் வெச்சிருக்கற ஒரு அண்ணன்கிட்ட கார்ட காட்டினேன். திருப்பி திருப்பி பாத்துட்டு "இது காய்கறிக்கு தம்பி, மீனுக்கு இல்ல, நீ முட்டைய கேளு, தண்ணிய கேக்காத"ன்னாரு. மொதல்ல புரியல. அவரு சொன்ன மாதிரி செஞ்சு பாத்தேன்.

ஒரே ஜோடி ஒரே காலைல போட்ட முட்டைல நல்லா தெளிஞ்சு இருந்தத மட்டும் 20, 20ஆ பிரிச்சு ரெண்டு கண்ணாடி கிண்ணத்துல போட்டேன், ஒன்னுல வாய்க்கால் தண்ணி, ஒன்னுல குளோரின் போக வெச்ச குழாய் தண்ணி. இது என் கண்டுபிடிப்பு இல்ல, ஓஇசிடிங்கற பல நாடுங்க சேந்த அமைப்பு 2013ல கொண்டு வந்த 236ம் நம்பர் டெஸ்ட் இதே மாதிரி தான், ஒவ்வொரு அளவுக்கும் 20 ஜீப்ரா முட்டை, 96 மணி நேரம், நாலே நாலு விஷயம் பாப்பாங்க: முட்டை வெள்ளையா உறைஞ்சு போச்சா, உடம்புல கணு கணுவா துண்டு வந்துச்சா, வால் மஞ்சக்கருல இருந்து பிரிஞ்சுதா, இதயம் துடிக்குதா. ஜீப்ரா முட்டை கண்ணாடி மாதிரி இருக்கும், ஒரு சாதா லென்ஸ் இருந்தா ரெண்டாம் நாள் இதயம் துடிக்கறத நம்ம கண்ணால பாக்கலாம். மொத தடவ பாத்தப்போ கார்டு கிட்டுன்னு எல்லாத்தையும் மறந்துட்டு அரை மணி நேரம் உக்காந்து பாத்துட்டே இருந்தேன், கடுகுல பாதி கூட இல்லாத ஒன்னுக்குள்ள டிக் டிக்னு.

ரிசல்ட்: குழாய் தண்ணில 20க்கு 18 பொரிச்சுது, வாய்க்கால் தண்ணில 20க்கு 17. வித்தியாசமே இல்லன்னு சொல்லலாம். நான் எதிர்பாத்தது வாய்க்கால் கிண்ணம் முழுக்க வெள்ளையாயிடும்னு. அப்போ தான் அண்ணன் சொன்னது உறைச்சுது, தண்ணி முட்டைய கொல்லல, மீன் முட்டையே போடல, பிரச்சனை முட்டைகிட்ட இல்ல, அப்பா அம்மாகிட்ட. நோட்டுலயும் அது தானே இருக்கு, போடற நாள் கொறைஞ்சு போச்சு.

சரின்னு ஒரு லேப்புக்கு அனுப்பினேன். லேப் பேரும் வேண்டாம், அவங்க வேலைய ஒழுங்கா தான் செஞ்சாங்க. பழுப்பு கண்ணாடி பாட்டில் அவங்களே குடுத்தாங்க, பிளாஸ்டிக்ல எடுக்காதீங்க, பைரெத்ராய்டு மாதிரி மருந்து பிளாஸ்டிக் சுவத்துல ஒட்டிக்கும், தண்ணில கம்மியா காட்டும்னாங்க, கழுத்து வரைக்கும் ரொப்பி ஐஸ்ல வெச்சு அன்னிக்கே குடுக்க சொன்னாங்க. ரிப்போர்ட்ல நாலு பக்கத்துக்கு பேரு, எல்லாத்துக்கும் எதிர்ல "கண்டறியும் அளவுக்குக் கீழ்", ஒன்னே ஒன்னுக்கு மட்டும் நம்பர்: அட்ரசின், லிட்டருக்கு 0.6 மைக்ரோகிராம். மக்காச்சோளத்துக்கு அடிக்கற களைக்கொல்லி. ஃபோன் பண்ணி கேட்டா "அது லிமிட்டுக்குள்ள தான் சார் இருக்கு, பயப்படாதீங்க"ன்னாங்க.

லிமிட்டுன்னா யாரு லிமிட்டு? அமெரிக்கால குடிக்கற தண்ணிக்கு அட்ரசின் 3 மைக்ரோகிராம் வரைக்கும் சரி. ஐரோப்பால எந்த ஒரு பூச்சிமருந்தா இருந்தாலும் 0.1 தான், எல்லாம் சேத்து 0.5. என் தண்ணி ஒரு எடத்துல பாஸ், இன்னொரு எடத்துல ஆறு மடங்கு ஃபெயில். ரெண்டுமே மனுஷன் குடிக்கறதுக்கு போட்ட கணக்கு, அத குடிச்சிட்டு நாம எந்திரிச்சு போயிடலாம், மீன் அதுக்குள்ளயே தானே 24 மணி நேரமும் மூச்சு விட்டுட்டு கெடக்கு.

2010ல அமெரிக்க புவியியல் ஆய்வுத் துறை ஆளுங்க ஃபேட்ஹெட் மின்னோன்னு ஒரு சின்ன நன்னீர் மீன வெச்சு அட்ரசின் ஆராய்ச்சி ஒன்னு போட்டாங்க, 0.5, 5, 50 மைக்ரோகிராம்னு மூனு அளவுல 30 நாள் வரைக்கும். மூனு அளவுலயும் மொத்த முட்டை கொறைஞ்சுது, 0.5லயும் கூட. ஏன் கொறைஞ்சுதுன்னா முக்கியமா முட்டை போடற தடவைங்க கொறைஞ்சு போச்சு. மொத ரெண்டு வாரத்துல பெருசா தெரியல, மூனாவது வாரம் வாக்குல தான் வித்தியாசம் தெளிவாச்சு. சினைப்பை, விந்துப்பை ரெண்டுலயும் கோளாறு இருந்துச்சு. இத படிச்சுட்டு என் நோட்ட பக்கத்துல வெச்சு பாத்தேன், மாசம் கழிச்சு கண்டுபுடிச்சது, போடற நாள் கொறைஞ்சது, முட்டை மட்டும் எடுத்து தனியா வெச்சா நல்லா பொரிச்சது. அது மின்னோ, என்னது ஜீப்ரா, ஒரு வாய்க்கால் ஒரு ரிப்போர்ட்ட வெச்சு கேஸ முடிச்சுட்டேன்னு சொல்ல மாட்டேன். ஆனா கார்டு இத ஆயுசுக்கும் காட்டியிருக்காது, அது மட்டும் உறுதி.

தண்ணிய டெஸ்ட் பண்றதே சில நேரம் தப்பான எடத்துல தேடறது தான்னு இந்த சமயத்துல தான் தெரிஞ்சுக்கிட்டேன். நியூயார்க் பக்கம் ஜார்ஜ் ஏரின்னு ஒன்னு, 1950கள்ல அங்க புடிச்ச டிரவுட் மீன்ல இருந்து முட்டை எடுத்து பொரிப்பகத்துல வெச்சாங்க. தாய் மீன் நல்லா இருக்கு, முட்டை நல்லா இருக்கு, பொரிச்சும் வருது, ஆனா குஞ்சு மஞ்சக்கருப் பை கரைஞ்சு தீனி எடுக்க போற அந்த நேரத்துல கொத்து கொத்தா செத்துப் போச்சு. பொரிப்பகத்து தண்ணிய எத்தன தடவ டெஸ்ட் பண்ணாலும் ஒன்னும் கிடைச்சிருக்காது, ஏன்னா விஷம் அம்மாகிட்ட இருந்து வந்தது. ஏரிய சுத்தி பூச்சிக்கு தெளிச்ச டிடிடி தாய் மீனோட கொழுப்புல சேந்து, அங்க இருந்து மஞ்சக்கருவுக்கு போய், குஞ்சு அந்த கடைசி மஞ்சக்கருவ கரைச்சு சாப்பிடறப்போ மொத்தமா வெளிய வந்திருக்கு. பர்டிக்கும் அவரு கூட வேல பாத்தவங்களும் 1964ல இத எழுதினாங்க. அம்மா கட்டிக் குடுத்த கட்டுச்சோத்துலயே விஷம்.

இத படிச்சுட்டு என் குஞ்சு அஞ்சாம் நாள் சாகறதுக்கும் டிடிடி தான் காரணம்னு ஒரு ராத்திரி முழுக்க உக்காந்து கதை கட்டினேன். அப்புறம் பாத்தா இன்ஃபுசோரியா, அதான் குஞ்சுக்கு மொத தீனியா குடுக்கற நுண்ணுயிர், அந்த ஜாடிய ரெடி பண்ணாம விட்டிருக்கேன், பசியில செத்திருக்கு. எல்லாத்துக்கும் மருந்து தான் காரணம்னு கெளம்பற வியாதி நம்மளுக்கும் வரும், ஜாக்கிரத.

வயல் மருந்து மட்டும் இல்ல, சாக்கடை தண்ணியும் இதே வேலைய பாக்கும். கனடால ஏரியவே ஆராய்ச்சிக்கு விட்டு வெச்சிருக்கற ஒரு எடம் இருக்கு, அங்க 260ம் நம்பர் ஏரில 2001ல இருந்து 2003 வரைக்கும் கருத்தடை மாத்திரைல இருந்து சாக்கடைக்கு வந்து சேர்ற ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோன கலந்தாங்க, லிட்டருக்கு 5, 6 நானோகிராம் தான், அதாவது 20 கோடி லிட்டருக்கு 1 கிராம். ஆண் மின்னோ மீன் ஈரல் முட்டைக்கு வேண்டிய மஞ்சக்கரு புரதத்த செய்ய ஆரம்பிச்சுடுச்சு, போடறதுக்கு முட்டையே இல்லாத உடம்புல. அடுத்த தலைமுறை குஞ்சு வரத்து நின்னு போய் அந்த ஏரில அந்த மீனே கிட்டத்தட்ட இல்லாம போச்சு. கலக்கறத நிறுத்தினதும் சில வருஷத்துல திரும்பி வந்துச்சு, அது ஒரு ஆறுதல். இந்த அளவ வீட்ல வெச்சு பாக்கற கார்டு, ஸ்டிரிப், சொட்டு எதுவும் கிடையாது, யாராவது விக்கறேன்னு சொன்னா கும்புடு போட்டுட்டு வந்துடுங்க.

லேப்லயும் ஒரு விஷயம் இருக்கு, அத சொல்லாம விட்டா லேப் ரிவ்யூ அரைகுறையா போயிடும். நான் குடுத்தது ஒரு நாள் ஒரு பாட்டில். வயல் மருந்து வாய்க்கால்ல ஒரே சீரா வராது, மருந்தடிச்சு அடுத்த மழைக்கு மொத்தமா ஒரு அலை மாதிரி வந்துட்டு ரெண்டு மூனு நாள்ல போயிடும். மழைக்கு முன்னாடி எடுத்தா சுத்தம், மழை அன்னிக்கு எடுத்தா பயங்கரம், ஒரு வாரம் கழிச்சு எடுத்தா மறுபடி சுத்தம், மூனும் உண்மை. பைரெத்ராய்டு தண்ணில தேடினா கிடைக்காது, அடி சேத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். வாரக்கணக்குல தண்ணிக்குள்ளயே தொங்க விட்டு கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்ச வெக்கற சாம்பிளர் எல்லாம் இருக்கு, ஆராய்ச்சி பண்றவங்க அத தான் வெக்கறாங்க. என்ன மாதிரி ஆளுக்கு மழை அன்னிக்கு ஒரு பாட்டில், காஞ்ச நாள்ல ஒரு பாட்டில், இது போதும்னு நினைக்கறேன். லேப்ல யாரும் இத சொல்லல, நானா கேட்டதுக்கு அப்புறம் தான் "ஆமா சார், அப்படி எடுத்தா நல்லது"ன்னாங்க. பாட்டில் குடுக்கறப்பவே சொல்லியிருக்கலாம்.

வாய்க்கால் தண்ணிய நிறுத்திட்டேன். மழைத் தண்ணியும் குழாய் தண்ணியும் கலந்து கரித்துண்டு ஃபில்டர் வழியா விடறேன், அட்ரசின் மாதிரி மருந்த கரி புடிச்சுக்கும், ஆனா கரி ஒரு கட்டத்துல ரொம்பி போயிடும், மாத்திட்டே இருக்கணும். அஞ்சு வாரத்துல பழைய ஜோடி வாரத்துக்கு ரெண்டு தடவைக்கு திரும்பிடுச்சு. உண்மைய சொல்லணும்னா அதே வாரம் தான் ஆர்டீமியாங்கற குட்டி இறால் வகைய உயிர் தீனியா சேக்க ஆரம்பிச்சேன், அதனால பாதி கிரெடிட் அந்த ஆர்டீமியாவுக்கு போகலாம். ரெண்டையும் ஒன்னா மாத்தினது என் முட்டாள்தனம், ஒன்னொன்னா மாத்தியிருந்தா இன்னிக்கு தைரியமா பேசியிருக்கலாம்.

கார்டுக்கு என் மார்க் 5க்கு இரண்டரை. செய்முறை சுலபம், உறை நல்லா இருக்கு, பொய் சொல்லல. கொறைச்சது ரெண்டு குடும்பம் மட்டும் பாக்குதுங்கறத முன் பக்கத்துல போடாததுக்கும், சூடு விஷயத்த எறும்பு எழுத்துல ஒளிச்சதுக்கும், அந்த தண்ணி சொட்டு படத்துக்கும். சொட்டு கிட்டுக்கு 4, அது என்ன பாக்குதுன்னு அது மேலயே எழுதியிருக்கு. லேப்புக்கு மூனரை.

மிச்சம் 6 கார்டு ஃப்ரிட்ஜ்ல இருக்கு, எக்ஸ்பைரிக்கு இன்னும் நாலு மாசம். தூக்கிப் போடல. மருந்து டப்பாவ யாராவது வாய்க்கால்லயே கழுவி விட்டு, ஒரே காலைல மீனெல்லாம் மெதந்தா, அப்போ இருக்கற அளவு மில்லிகிராம் கணக்குக்கு வந்தாலும் வரும், கந்தகம் இல்லாத ஆர்கனோபாஸ்பேட்டோ கார்பமேட்டோவா இருந்தா கார்டு வெள்ளையா நிக்கும், கையோட பழுப்பு பாட்டில்ல தண்ணிய புடிச்சு வெச்சிடலாம். அதுக்கு இது சரியான சாமான். முட்டைக்கு நோட்டு இருக்கு, இன்னிக்கு காலைல 132, அதுல வெள்ளை 9.